அடிக்கட்டை ஊரிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

போன வாரக் கடைசியில் அக்காவும் நானும் கெர்ன்வில் போய்வந்தோம். சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே 120 கிலோமீட்டர் தள்ளி, சொனோமா மாவட்டத்தில், ரஷ்யன் ஆற்றங்கரையில் இருக்கிற சிற்றூர். மக்கள்தொகை 4500 சொச்சம். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், ஒயின் ஆலைகள். இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒயினைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் கொள்ளிடக் கரையிலேயே கழித்தவன் நீ. அதனால் உனக்காக ஆற்றைத்தான் கூர்ந்து பார்த்துவிட்டு வந்தேன்.

ஆனாலும் திராட்சையைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். சான்டா ரோசாவில் நெடுஞ்சாலையை விட்டு ரிவர் ரோட்டில் திரும்பியபோது தோட்டங்களின் மேல் மூடுபனி படிந்து கிடந்தது. வெயில் ஏறி அது கலைய முற்பகல் ஆகிவிட்டது. கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் காயக் காய அங்கே சூடான காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பப் பசிபிக் கடலின் குளிர்காற்று மூடுபனியோடு ஆற்றின் வழியாகவும் பெட்டலூமா கணவாய் வழியாகவும் உள்ளே ஏறிவருகிறது. பகலில் 30 டிகிரி வெயில் அடித்த இடம் இரவில் 10 டிகிரிக்கு இறங்கிவிடும். பினோ நுவார் என்கிற கறுப்புத் திராட்சைக்கு இந்தக் குளிர் இல்லாமல் முடியாது. மெல்லிய தோல், பழங்கள் நெருக்கிப் பிடித்த சின்னக் குலை. சூடான இடத்தில் நட்டால் அவசரமாகப் பழுத்துப் புளிப்பை இழந்துவிடும். 1983இல் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தனி ஒயின் வட்டாரமாக அரசு அறிவித்தபோது, மூடுபனி எதுவரை எட்டுகிறதோ அதை வைத்துத்தான் பெரும்பாலும் எல்லை வகுத்தார்களாம்.

இது அறுவடைக் காலம். பழம் குளிர்ச்சியாக இருக்கும்போதே பறிக்க வேண்டும் என்பதால் நடுராத்திரியில் தொடங்கி விடிவதற்குள் முடித்துவிடுகிறார்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் குனிந்து ஓடியோடிப் பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஒயின் ஆலைகளின் சுவைக்கூடத்துச் சுவரில் தோட்டத்துக்காரரின் குடும்பப் படம் இருக்கும், இவர்கள் படம் இருக்காது. அவர்களைச் சொல்லாமல் ஒயினை மட்டும் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்குச் சற்று முன்னால் கார்பல் ஆலை வருகிறது. பொஹிமியாவிலிருந்து வந்த சகோதரர்கள் தொடங்கியது. முதலில் அவர்கள் பார்த்தது மரத் தொழில், சுருட்டுப் பெட்டி செய்யும் தொழில். மலையில் மரம் தீர்ந்ததும், வெட்டிய நிலத்தில் அடிக்கட்டைகளுக்கு நடுவிலேயே திராட்சைக் கொடிகளை நட்டு, 1882இல் ஒயினுக்கு மாறிவிட்டார்கள். இங்கே செய்வது நுரைக்கும் ஒயின். புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்க வைக்கிறார்கள். அடியில் தங்கும் வண்டலை எடுக்க, புட்டியைத் தலைகீழாகச் சாய்த்து, சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே வருவார்கள். வண்டல் முழுக்கக் கழுத்துக்கு இறங்கியதும் கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், உள்ளே இருக்கிற வாயுவே அந்தப் பனிக்கட்டியை வெளியே தள்ளிவிடும். எத்தனை எளிமையான உத்தி! அக்கா குடிப்பதில்லை, ஆனால் இந்தச் செய்முறையைக் கேட்டுவிட்டு அதையே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள்.

இந்த ஊரே மரத்தால் உண்டானது. ஜார்ஜ் கெர்ன் என்ற மர ஆலைக்காரரின் பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். அதற்கு முன்பிருந்தே ஸ்டம்ப்டவுன், அதாவது அடிக்கட்டை ஊர் என்ற பெயரும் உண்டு. 1877இல் ரயில் வந்தபின் செம்மரங்கள் இன்னும் வேகமாகச் சான்பிரான்சிஸ்கோவுக்கு ஏறிப்போயின. (நம் ஊர்ச் செம்மரம் இல்லை, ரெட்வுட் என்கிற ஊசியிலை மரம்.) மொட்டையடித்த அந்த மலைகளுக்கு நடுவே ஒரு தோப்பு மட்டும் தப்பியது. அதைத் தப்பவிட்டவரும் மரம் வெட்டி விற்றவர்தான். ஜேம்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1870களிலேயே இந்த ஒரு துண்டை வெட்டாமல் ஒதுக்கி வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அவர் மகளும் லெபாரன் குடும்பத்தாரும் ஊரூராகக் கடிதம் அனுப்பி, கார் ஊர்வலம் நடத்தி மக்களிடம் ஆதரவு திரட்டினார்கள். 1917இல் மாவட்ட நிர்வாகம் 80,000 டாலர் கொடுத்து அதை வாங்கியது. கார் என்பதே புதிதாக இருந்த காலத்தில், ஒரு காட்டைக் காப்பாற்றக் கார் ஊர்வலம் நடத்தியிருக்கிறார்கள் என்பதை நினைத்து நினைத்து வியந்தேன்.

இன்று அது 805 ஏக்கர் மாநிலக் காப்புக்காடு. கடைவீதியிலிருந்து மூன்றே கிலோமீட்டர் இருக்கும். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் குறைந்து, குளிர் காலில் ஏறுகிறது. மிக உயரமான மரம் 310 அடி. மிக மூத்ததற்கு வயது 1400க்கு மேல். அக்கா ஒரு மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்து, எடுக்க மனமில்லாமல் நின்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். தேங்காய் மட்டையின் நார் மாதிரி, அழுத்தினால் அமுங்குகிறது. நெடுக்காக ஓடும் பிளவுகளுக்குள் விரல் முழுக்கப் போகிறது. முதிர்ந்த மரத்தில் இந்தப் பட்டை ஓரடி தடிமன்கூட இருக்கும். பிசின் கிடையாது, துவர்ப்புச் சத்து அதிகம், அதனால் தீ எளிதில் பற்றாது, பூச்சியும் அண்டாது. இத்தனை உயர மரத்துக்கு ஆணிவேர் இல்லை என்பதை நீ நம்ப மாட்டாய். வேர்கள் மேலோட்டமாக நூறடி வரை பக்கவாட்டில் படர்ந்து, அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்கின்றன. மழையே இல்லாத கோடையில், காலையில் திராட்சையின் மேல் நாங்கள் பார்த்த அதே மூடுபனி இலைகளில் படிந்து சொட்டி வேருக்கு ஈரம் தருகிறது.

2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பற்றிய வால்பிரிட்ஜ் காட்டுத்தீ இந்தத் தோப்புக்குள்ளும் புகுந்தது. அதன்பின் தோப்பு ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. கருகிய அடிமரங்களை இப்போதும் பார்க்கலாம், அவற்றின் கரியை ஒட்டிப் பச்சைத் தளிர் அடர்ந்து வந்திருக்கிறது. வெட்டினாலும் எரித்தாலும் வேரிலிருந்தே மறுபடி முளைக்கும் சாதி இது.

இனி ஆறு.

ரஷ்யன் ஆறு 177 கிலோமீட்டர் ஓடி, ஜென்னர் என்ற இடத்தில் பசிபிக்கில் சேருகிறது. 1812 முதல் 1841 வரை கடற்கரையில் ஃபோர்ட் ராஸ் என்ற கோட்டை கட்டி வாழ்ந்த ரஷ்யர்களால் வந்த பெயர். மேலே அகன்ற பள்ளத்தாக்கில் நிதானமாக வருகிற ஆறு, கெர்ன்வில்லுக்கு மேலே கடலோர மலைக்குள் நுழைந்து குறுகிப்போகிறது. ஏறத்தாழ 3800 சதுர கிலோமீட்டர் படுகையின் மழைநீர் முழுக்க அந்த இடுக்கு வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். குளிர்காலத்தில் பசிபிக்கிலிருந்து நீராவிப் பட்டை ஒன்று வந்து இந்த மலைகளின் மேல் நின்று கொட்டினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் அளவுகோலில் 32 அடி வெள்ள அபாய மட்டம். 1986 பிப்ரவரியில் 48 அடியைத் தாண்டியது. 1995, 1997, 2006 என்று வந்துகொண்டே இருந்து, 2019 பிப்ரவரி 27 அன்று 45 அடியைத் தாண்டியது. வந்துபோகும் சாலையெல்லாம் முழுகி ஊர் தீவானது. கடைவீதியில் படகு விட்டார்கள்.

அதனால் இங்கே வீடுகள் தரையில் இல்லை. நாங்கள் தங்கிய சிறு மரவீட்டுக்கு ஒரு மாடி உயரத்துக்குப் படியேற வேண்டும். வீடு முழுக்கக் கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கிறது. கீழே கார், கவிழ்த்து வைத்த கயாக், அடுக்கிய விறகு. வெள்ளம் வந்தால் இழந்தாலும் பரவாயில்லை என்கிற பொருளும், உடனே தூக்கிக்கொண்டு ஏறக்கூடிய பொருளும்தான் கீழே இருக்கின்றன. மின்சாரப் பெட்டியை என் தலைக்கு மேல் உயரத்தில் பொருத்தியிருக்கிறார்கள். எரிவாயுத் தொட்டி மிதந்து போகாதபடி பட்டை போட்டுத் தூணோடு இறுக்கியிருக்கிறார்கள். 1995 வெள்ளத்துக்குப் பிறகு அரசு மானியத்தோடு வீடுகளை உயர்த்தும் திட்டம் வந்தது. நம் பக்கம் சாலை உயர்ந்துவிட்ட தெருவில் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே, அதே முறைதான். அடியில் இரும்பு உத்திரம் செருகி, அங்குலம் அங்குலமாக ஏற்றி, கீழே புதுத் தூண் கட்டுகிறார்கள். தெருவில் ஒரு வீடு உயரத்தில், அடுத்தது தாழ்வில், அதற்கடுத்தது இன்னும் உயரத்தில் என்று நிற்பதைப் பார்த்தால், எந்தக் குடும்பத்துக்கு எப்போது பணம் கிடைத்தது என்பது தெரிந்துவிடுகிறது.

கோடையில் இதே ஆறு முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடுகிறது. அந்த நீரும் தானாக வருவதில்லை, மேலே மெண்டசினோ, சொனோமா ஏரிகளிலிருந்து அளந்து விடுகிறார்கள். போதாததற்கு, 1908 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பக்கத்து ஈல் ஆற்றின் நீரையும் இதில் திருப்பியிருக்கிறார்கள். ஈல் ஆற்றின் மீன்களுக்காக, அங்கே அதற்கென்று கட்டிய பழைய அணைகளை எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சு இப்போது முற்றியிருக்கிறது. ஊருக்குள் ஜான்சன்ஸ் பீச் என்ற மணற்கரையில் கோடைக்கு மட்டும் ஒரு தற்காலிகத் தடுப்பணை போட்டு நீரைத் தேக்குகிறார்கள். மழை தொடங்குமுன் கழற்றிவிடுவார்கள். அந்தத் தேக்கத்தில்தான் குழந்தைகள் காற்றடைத்த டியூபில் மிதக்கிறார்கள். நானும் மிதந்தேன்.

சொனோமா ஏரியின் அணையைப் பற்றி ஒரு செய்தி. இந்த மண்ணின் பூர்வகுடிகளான போமோ மக்கள் கூடை முடைவதில் உலகப் புகழ் பெற்றவர்கள். ஆற்றோர மணலில் நீளமாக ஓடும் கோரை வேரைத்தான் அதற்கு எடுப்பார்கள். அணை கட்டினால் அந்தக் கோரைப் படுகைகள் நீரில் முழுகிவிடும் என்று 1970களில் கூடை முடைகிறவர்கள் குரல் எழுப்பினார்கள். கடைசியில் கோரையைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள். எல்லாம் முழுகிய பிறகு கோரையை மட்டும் காப்பாற்றியது நியாயமாகிவிடாது. ஆனால் ஓர் அணைத் திட்டத்தில் கூடை முடைகிறவர்களின் பேச்சுக்கும் இடம் கிடைத்தது என்பதை நீ உன் பழைய சகாக்களிடம் சொல்ல வேண்டும்.

ஊர் மக்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மரம் ஏற்றிய ரயில் பிறகு சுற்றுலாக் குடும்பங்களை இறக்கியது. 1935இல் ரயில் நின்றதும் கார்கள் வந்தன, நடன அரங்குகளில் பெரிய இசைக்குழுக்கள் வாசித்தன. அந்தக் காலம் முடிந்து விடுதிகள் பாழடைந்து மலிவானபோது, 1970களின் கடைசியில் சான்பிரான்சிஸ்கோவின் தன்பாலின ஈர்ப்பாளர்கள் வந்து அவற்றை வாங்கிப் புதுப்பித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் எய்ட்ஸ், 1986 வெள்ளம் என்று அடிமேல் அடி. இருந்தும் நிலைத்தார்கள். இன்று கடைவீதியில் வானவில் கொடி கட்டிய மதுக்கூடத்துக்குப் பக்கத்திலேயே தூண்டில் விற்கும் கடை. அங்கங்கே மரத்தில் வெட்டிய கரடிச் சிலைகள். 1921இல் கட்டிய பழைய வங்கிக் கட்டடத்துக்குள் ஐஸ்கிரீம். இரு ஆண்கள் கைகோத்து நடந்தபோது திரும்பிப் பார்த்தவர் யாருமில்லை. அக்கா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இப்படி ஓர் ஊர் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்றாள்.

சில மைல் கீழே மாண்டே ரியோவில் இதற்கு நேர்மாறாக ஒன்று. செல்வாக்குள்ள ஆண்கள் மட்டும் கோடையில் கூடும் பொஹிமியன் குரோவ் என்ற 2700 ஏக்கர் தனியார் காடு. 1942 செப்டம்பரில் அணுகுண்டுத் திட்டத்தின் பொறுப்பாளர்கள் அங்கே கூடித் திட்டமிட்டிருக்கிறார்கள். வேலிக்கு வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

ஊருக்கு இப்போது வந்திருக்கிற பெரிய ஆபத்து வெள்ளமல்ல, வாடகை. வாரக்கடைசிக்கு வருகிறவர்களுக்கு விட்டால் அதிகம் கிடைக்கிறது என்பதால் வீடுகள் விடுதிகளாகின்றன. உணவகத்தில் பரிமாறுகிறவர்கள் தொலைவிலிருந்து வந்து போகிறார்கள், வீடில்லாத சிலருக்கு ஆற்றோரமே வீடு. வாரக்கடைசிக்குப் போன நாங்களும் அதில் ஒரு பங்குதான். அதனால் அடுத்த முறை மாநிலக் காட்டை ஒட்டிய முகாமில் கூடாரம் போடலாம் என்று அக்காவும் நானும் பேசிவைத்திருக்கிறோம்.

நீ பேரனைப் பார்க்க இங்கே வரும்போது இதற்கு ஒரு நாளாவது ஒதுக்கு. கோடையானால் ஆற்றில் இறங்கலாம், ஆனால் காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும். கார் இல்லாவிட்டாலும் சான்டா ரோசாவிலிருந்து 20ஆம் எண் பேருந்து கெர்ன்வில் போகிறது. கடைவீதியை ஒட்டி 1922இல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது, இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். வெள்ள மட்டம் 45 அடி என்றால் தண்ணீர் எங்கே நின்றிருக்கும் என்பதை அந்தப் பாலத்தில் நின்றபடி நீதான் எனக்குக் காட்ட வேண்டும். விசா விவரம் தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்