அம்பு முனையும் சர்பத் பாட்டிலும்

கையில் தோல் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்கில் மாஸ்க். மொட்டை மாடியில் நானும் பையனும் சர்பத் பாட்டிலின் அடிப்பாகத்தில் அம்பு முனை செய்துகொண்டிருக்கிறோம். (இந்தக் கலையைக் கற்கிறவர்கள் உலகம் முழுக்க பீர் பாட்டிலில்தான் ஆரம்பிக்கிறார்கள். குஜராத்தில் அதற்கு எங்கே போவது? :-))

ஆசை வந்தது கம்பாத்தில். வதோதராவிலிருந்து பக்கம்தான். அங்கே அகீக் கல்லில் மணி செய்கிறவர்கள் தரையில் கூர்மையான இரும்புக் கம்பியைச் சாய்வாக நட்டு, அதன் முனையில் கல்லை ஒட்டிப் பிடித்து, எருமைக் கொம்புச் சுத்தியலால் தட்டுவார்கள். டக் டக் என்று மெல்லிய தட்டுதான். கம்பி தொடும் பக்கம் சில்லு பெயர்ந்து விழும். பார்க்க அவ்வளவு அழகு. அதே கல்லை அரைக்கிறபோது வரும் தூசியில் நுரையீரல் கெட்டு சிலிகோசிஸ் வந்தவர்கள் அந்த ஊரில் நிறைய. எங்கள் மாஸ்க் அதனால்தான்.

அகீக், செர்ட், கண்ணாடி எல்லாம் ஒரே ஜாதி. மரம் மாதிரி இழை கிடையாது, கொடுக்கிற விசை போகிற வழியே பிளக்கும். சில்லின் உள்பக்கத்தைப் பார்த்தால் சிப்பி மாதிரி வளையம் வளையமாக இருக்கும். தட்டுகிற ஓரத்தின் கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருக்கவேண்டும். ஓரத்தை முதலில் லேசாகத் தேய்த்துவிடவேண்டும், இல்லாவிட்டால் பொடிந்துபோகும். கடைசியில் கூர் எடுக்கத் தட்டுவதே கிடையாது, அழுத்துவதுதான். நாங்கள் மரப்பிடியில் செருகிய செம்புக் கம்பியால் அழுத்துகிறோம். அந்தக் காலத்தில் மான் கொம்பு.

பையனின் ஸ்கூல் புத்தகத்தில் கற்கால மனுஷன் என்றால் தலைவிரி கோலமாய் ஒரு படம். எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் உண்டு. எந்தக் கல் எப்படிப் பிளக்கும் என்று தெரியவேண்டும், சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தரவேண்டும். நகம் அளவுக் கற்களை வரிசையாகப் பிசினால் மரத்தில் ஒட்டினால் ஆயுதம். ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஸ்பேர் பார்ட்ஸ் யோசனை!

மேசானா மாவட்டத்தில் லாங்னஜ் என்று ஒரு ஊர். 1944 முதல் 1963 வரை சங்காலியாவும் மற்றவர்களும் பல தடவை தோண்டியதில் இந்த நுண்கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. கூடவே மடக்கிப் புதைத்த எலும்புக்கூடுகள், கடல் சிப்பியில் செய்த மணிகள். ஒரு காண்டாமிருகத்தின் தோள்பட்டை எலும்பும் கிடைத்தது, மேலே சின்னச் சின்னக் குழிகளோடு. கல் தட்டுவதற்குப் பட்டடையாக வைத்திருந்திருக்கலாம் என்கிறார்கள். ஒரு மாசமாகக் கண்ணாடி அழுத்திக்கொண்டிருக்கிற எனக்கு, யாரோ உட்கார்ந்து எழுந்துபோன இடத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இதைச் சொன்னதும் பையன் கேட்டான், "அப்பா, நம்ம ஊர்லயும் இது இருந்துச்சா?"

இருந்தது. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில், அந்தச் சிவப்பு மணலில், வெங்கச்சங்கல்லிலும் செர்ட்டிலும் செய்த முனைகள் கிடைத்திருக்கின்றன. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். 1956-ல் ஸாய்னரும் ஆல்சினும் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இரண்டு பக்கமும் அழுத்திச் செதுக்கிய முனைகள் அங்கே உண்டு, இலங்கையில் கிடைத்தவற்றின் சாயலில்.

"அப்போ அவங்க தமிழ் பேசினாங்களா?"

இங்கேதான் ஊரை விட்டு வந்த அப்பாக்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். 'ஆமாண்டா, நம்ம ஆளுங்க' என்று சொல்லிவிட்டால் பையன் நாளைக்கு ஸ்கூலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். நான் சொல்லவில்லை. கல்லைப் பார்த்தால் வலதா இடதா, எந்தக் கோணத்தில் அழுத்தினார்கள், எங்கே சலித்துப்போய் விட்டுவிட்டார்கள் என்பதுவரை சொல்ல முயற்சிக்கலாம். பேசிய பாஷை கல்லில் ஒட்டியிருக்காது. "தெரியாதுடா. ஆனா நம்ம பனங்காடு இருக்கிற அதே மணல்ல உட்கார்ந்து செஞ்சாங்க" என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவனுக்கு.

மே மாசம் லீவில் தேரிக்குக் கூட்டிப்போகவேண்டுமாம். கல் கண்ணில் பட்டாலும் எடுக்கக்கூடாது, எந்த இடத்தில் எதோடு கிடக்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். போட்டோ மட்டும். தங்கமணிதான், அந்த வெயிலில் தேரி மணலில் யார் செருப்பில்லாமல் நிற்கிறீர்கள் பார்ப்போம் என்கிறார்.