திரும்பிப் போகும் பெட்ரோல்

கோவையில் நண்பர் ஒருவர் தம்முடைய மார்க் 4 அம்பாசடருக்கு எஞ்சின் மாற்றுகிறார். 1489 சி.சி. கார்புரேட்டர் எஞ்சின் இறங்கிவிட்டது. பின்னாளில் அதே அம்பாசடரில் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின், கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ வகை, ஏறப்போகிறது. பார்க்கப் போன என்னைப் பிடித்து நிறுத்தியது எஞ்சின் அல்ல, வண்டிக்கு அடியில் புதிதாக ஓடும் இரண்டாவது குழாய்.

முதல் குழாயில் பெட்ரோல் டேங்கிலிருந்து முன்னால் வருகிறது. இரண்டாவதில் எரியாமலேயே டேங்குக்குத் திரும்பிப் போகிறது. வந்த பெட்ரோல் ஏன் திரும்ப வேண்டும்? கார்புரேட்டருக்கு கால் பார் அழுத்தம் இருந்தால் போதும். அதிகமானால் மிதவை ஊசி தாங்காமல் பெட்ரோல் பொங்கிவிடும். இன்ஜெக்டருக்கோ ஏறக்குறைய 3 பார், அதுவும் கூடாமல் குறையாமல் வேண்டும். அதனால் டேங்க் பக்கத்து மின்பம்ப் எப்போதும் தேவைக்கு மேலேயே தள்ளுகிறது. ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இப்போதைய கார்களில் ரெகுலேட்டரை டேங்குக்குள்ளேயே வைத்துவிடுவதால் இந்தக் குழாயைப் பார்ப்பது அரிது.

மெக்கானிக் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஊட்டி மலைப்பாதையில் இருக்கும் பர்லியாறு நினைவுக்கு வந்தது.

சின்ன வயதில் மே மாதம் பெரியப்பாவின் வண்டியில் ஊட்டிக்குப் போவோம். கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்ததும் டிரைவர் அண்ணன் பேச்சை நிறுத்திவிடுவார். காது முழுக்க எஞ்சினில் இருக்கும். இரண்டு முறை குலுங்கி, இழுவை விட்டு, வண்டி ஓரமாக நிற்கும். "அஞ்சு நிமிசம் பொறுத்துக்குங்க, பம்ப் சூடாயிருச்சுங்க" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தத் துணிய நனச்சுக் கொண்டா" என்பார். சீட்டுக்கு அடியில் அதற்கென்றே ஒரு காடாத்துணி. பாறையில் வழியும் தண்ணீரில் அதை நனைத்து ஓடுவேன். பிழியக் கூடாது. பானெட்டைத் தூக்கி, பெட்ரோல் பம்பின் மேல் அதைக் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் சுற்றுவார். ஆவி எழும். பெரியம்மா மங்குஸ்தான் வாங்கி உரித்துக் கொடுத்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். அந்தக் காலத்துப் பெட்ரோல் வண்டிகள் பலவற்றுக்கும் இதே கதிதான். வழி நெடுக பானெட் திறந்து நிற்கும்.

உள்ளே நடந்தது இதுதான். எஞ்சினோடு ஒட்டிய அந்தப் பம்ப், பின்னால் கிடக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மலையேற ஏறக் காற்றழுத்தமும் குறைகிறது. பம்புக்குள் பெட்ரோல் ஆவிக்குமிழாகிவிட்டால் டயாஃபிரம் வெறும் குமிழையே அமுக்கிக்கொண்டிருக்கும். ஈரத்துணி பட்டதும் குமிழ் மறுபடி திரவமாகும். டிரைவர் அண்ணன் செய்த வைத்தியத்தில் கொஞ்சமும் பிழையில்லை.

நண்பரின் வண்டியில் இனி அந்தத் துணிக்கு வேலையில்லை. பம்ப் பின்னாலிருந்து தள்ளுகிறது, உறிஞ்சுவதில்லை. 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. நிற்காமல் ஓடித் திரும்பும் பெட்ரோல், எஞ்சின் பக்கத்துச் சூட்டையும் வாரிக்கொண்டு டேங்குக்குப் போகிறது. ஈரத்துணியின் உத்தியோகத்தை இரண்டாவது குழாய் ஏற்றிருக்கிறது. இதைக் கண்டுகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லி மாளாது.

இன்னொன்றும் உண்டு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். கார்புரேட்டரில் பெட்ரோலை விடும் ஜெட்டின் துளைக்கு அது தெரியாது. காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. அதனால்தான் குன்னூர் தாண்டினால் கரும்புகையும் பெட்ரோல் வாடையும். எம்.பி.எஃப்.ஐயில் மேப் சென்சார் அழுத்தத்தை அளந்து இ.சி.யு என்ற கணினிக்குச் சொல்கிறது. புகைபோக்கியில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், எரிந்தது சரியா என்று பார்த்துச் சொல்கிறது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்ற எடைக் கணக்கு பெரும்பாலும் கைவிட்டுப் போவதில்லை. போட்ட கலவை எப்படி எரிந்தது என்று கார்புரேட்டருக்குச் சொல்ல டிரைவர் அண்ணனின் காதும் மூக்கும்தான் இருந்தன.

வேலை இன்னும் நிறைய இருக்கிறது. டேங்கின் துருவைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாய்கள் இந்த அழுத்தத்தில் வெடிக்கும், எல்லாம் மாற வேண்டும். ஐடிலிங்கில் சோர்ந்துபோகும் டைனமோவை நம்பி இ.சி.யு ஓடாது, ஆல்டர்னேட்டர் வேண்டும். புது எஞ்சின் எண்ணை ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

இறக்கிவைத்த எஞ்சினை எடைக்குப் போடலாம் என்கிறார் நண்பர். வேண்டாம் என்று மன்றாடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து ஐ.டி.ஐ.க்குக் கொடுங்கள், கார்புரேட்டரைக் கழற்றி அந்தப் பிள்ளைகள் கையில் வைத்துப் பார்க்கட்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்க் கேட்பேன்.