ஆறு கிலோ முறுக்கும் ஒரு வரி விளக்கமும்

இந்தப் பதிவில் கொஞ்சம் டெக்னிக்கல் மேட்டர் வரும். பயப்படாமல் படியுங்கள், எழுதுகிறவன் வெறும் பி.காம் தான் :-)

இப்போது சின்னக் கடைகள்கூட ஆர்டர் எடுக்க ஏஐ ஏஜென்ட் வைக்கிறார்கள். பதில் சொல்வதோடு நிற்காது, வேலையும் செய்யும். ஆர்டரைத் தேடும், முகவரி மாற்றும், ரத்து செய்யும், பணத்தைத் திருப்பும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'டூல்'. டூலுக்கு ஒரு பெயர், கீழே சில வரி விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். உள்ளே ஓடும் புரோகிராம் ஏஜென்டுக்குத் தெரியாது. இந்த எழுத்தைப் படித்துத்தான் எந்த டூலை எடுப்பது என்று முடிவு செய்கிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ 'ஃபங்ஷன் காலிங்' என்று கொண்டுவந்தது, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி என்று வெளியிட்டது எல்லாம் இந்தச் சமாச்சாரம்தான்.

பேங்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? புனேயில் எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர் முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடி செய்து விற்கிறார். கூட நாலு பெண்கள், அவர்களுக்குச் சம்பளம் இதிலிருந்துதான். அக்கா மகன் போன தீபாவளிக்கு ஒரு ஏஜென்ட் செய்து கொடுத்தான். ஒரு வாடிக்கையாளர் "முறுக்கு இருக்கட்டும், அதிரசம் மட்டும் கேன்சல்" என்று எழுதியிருக்கிறார். ஏஜென்ட் மொத்த ஆர்டரையும் ரத்து செய்து, பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டது. ஆறு கிலோ முறுக்கு சுட்டு அடுக்கியாகிவிட்டது! (பாதி விலைக்கு எங்கள் பிளாக்கிலேயே விற்றுத் தீர்ந்தது. நானும் ஒரு கிலோ வாங்கினேன்.)

"தம்பி, நீங்க பேங்க்ல தினம் சர்க்குலர் படிக்கிறவரு. இவன் எழுதினதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார் அக்கா.

பார்த்தேன். 'ஆர்டர் கேன்சல்' என்ற டூலுக்கு விளக்கம்: "ஆர்டரைக் கேன்சல் செய்யும்." 'ஆர்டர் அப்டேட்' டூலுக்கு: "ஆர்டரை அப்டேட் செய்யும்." பெயரையே திருப்பிச் சொன்னால் அது விளக்கமா? வாடிக்கையாளர் 'கேன்சல்' என்றார், கேன்சல் என்று பெயர் வைத்த டூலை அது எடுத்தது. கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பையனும் அதைத்தான் செய்வான்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருவரும் மாற்றி எழுதினோம். இப்போது இப்படி இருக்கிறது: "முழு ஆர்டரையும் ரத்து செய்யும். ஒரு பொருளை மட்டும் எடுக்க இதைக் கூப்பிடாதே, அதற்கு 'பொருள் நீக்கு' டூல் உண்டு. பார்சல் கிளம்பிய பிறகு இது செல்லாது. ரத்து செய்தால் மீட்க முடியாது. ஆகவே ஆர்டர் எண், பொருட்கள், தொகை மூன்றையும் வாடிக்கையாளருக்குச் சொல்லி, 'சரி' வாங்கிய பிறகே கூப்பிடு." எப்போது கூப்பிடக்கூடாது என்ற வரிதான் இதில் ரொம்ப முக்கியம் என்பது என் கட்சி.

"அங்கிள், விளக்கம் முழுக்க ஒவ்வொரு தடவையும் மாடலுக்குப் போகும், அதுக்குக் காசு" என்றான் பையன். ஆறு கிலோ முறுக்குக்கு எவ்வளவுப்பா என்று கேட்டேன். டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

அடுத்து பணம் திருப்பும் டூல். 'தொகை: எண்' என்று மட்டும் இருந்தது. ரூபாயா, பைசாவா? நம் பேமென்ட் கேட்வே சிலவற்றில் பைசாவில்தான் அனுப்ப வேண்டும். 350 ரூபாய்க்கு 35000. வெறும் 350 என்று போனால் வாடிக்கையாளருக்கு மூன்றரை ரூபாய் கிடைக்கும், நமக்கு வசவு கிடைக்கும். தேதியும் அப்படியே. 05/11 என்றால் நவம்பரா, மே மாதமா? வருஷம் முதலில் வரும்படி எழுது என்று போட்டோம்.

இன்னொன்று, யுபிஐ-யில் தினமும் பார்க்கிற விஷயம். பணம் போனதா இல்லையா என்று பதில் வராத நேரத்தில் மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை போகும். "பதில் வரவில்லை என்றால் திரும்பக் கூப்பிடாதே, முதலில் நிலவரம் பார்க்கும் டூலைக் கூப்பிடு" என்று சேர்த்தோம்.

இங்கே தமிழ், ஹிந்தி, மராத்தி எல்லாம் கலந்து வரும். 'வாபஸ்' என்று ஒரே வார்த்தையில் எழுதுவார்கள். பணம் வாபஸா, பொருள் வாபஸா? கேட்டுத் தெரிந்துகொள் என்று அதற்கும் ஒரு வரி. பழைய மெசேஜ் இருபதை எடுத்து ஓட்டிப் பார்த்தோம். இரண்டில் தடுமாறியது, திருத்தினோம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் விடவே இல்லை. "500 ரூபாய்க்கு மேல் திருப்பாதே" என்று விளக்கத்தில் எழுதியிருந்தான். எழுத்து பூட்டு ஆகாது. எங்கள் பேங்கில் பெரிய தொகையை ஒருவர் போட்டால் இன்னொருவர் ஓகே செய்யவேண்டும், மேக்கர்-செக்கர் என்போம். அந்த வரம்பைப் புரோகிராமுக்குள்ளேயே வைக்கச் சொன்னேன். இப்போது 500-ஐத் தாண்டினால் அக்கா போனுக்கு வரும், அவர் அமுக்கினால்தான் பணம் நகரும்.

'ஒரு டப்பா' என்றால் சின்ன டப்பாவா, பெரிய டப்பாவா என்பது இன்னும் பாக்கி. அதை அக்காதான் முடிவு செய்யவேண்டும். அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.