சைக்கிள் கொடுத்தாயிற்று, பாதை எங்கே?

ஜூன் 2, 2025, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலை எட்டரை மணிக்கெல்லாம் எங்கள் கீழ்வேளூர்க் கடைத்தெருவில் சைக்கிள் கூட்டம். தேவூர்ப் பக்கமிருந்தும் சிக்கல் பக்கமிருந்தும் வருகிற பெரிய வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் அரசு கொடுத்த சைக்கிள்தான். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் அது. 2005-06 முதல் அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்புக்கு வருகிற எல்லாருக்கும் என்று விரிந்தது. பத்தாம் வகுப்போடு நின்றுபோயிருக்க வேண்டிய எத்தனையோ பெண்பிள்ளைகளை மேற்கொண்டு படிக்கவைத்தது அந்தச் சைக்கிள். இதை நான் மனமாரச் சொல்வேன்.

ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் ஓட்டிவருவது தேசிய நெடுஞ்சாலை 83-இன் ஓரத்தில். பின்னால் பஸ் ஏர்ஹாரன் அடித்தால் தாரைவிட்டு மண்ணில் இறங்கியாக வேண்டும். தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நாலு விரல்கடை பள்ளம். இறங்குவது கூடப் பரவாயில்லை. திரும்ப ஏறும்போதுதான் ஆபத்து. முன்சக்கரம் விளிம்பை ஒட்டியே உரசிக்கொண்டு ஓடும், ஹேண்டில்பாரை ஒடித்தால் சறுக்கிச் சாலைப் பக்கமே விழவைக்கும். இன்று காலை ஒரு பையன் அப்படித் தடுமாறி, காலை ஊன்றித் தப்பித்தான். பின்னால் லாரி இல்லாதது அவன் நல்ல காலம்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று உலக மிதிவண்டி நாள். 2018-இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. எனக்கு இந்த நாளில் நினைவுக்கு வருவது புதுக்கோட்டைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற கிராமத்துப் பெண்கள், கூடவே சைக்கிளும் கற்றார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் பார்த்து எழுதியதால் அது நாடறிந்த செய்தியானது. பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆணுக்காகவும் காத்திருக்காமல் நினைத்த நேரத்தில் கிளம்ப முடிவது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்தப் பெண்கள் காட்டினார்கள்.

அன்றைய சாலையில் அவர்களுக்கு இடம் இருந்தது. இன்று சாலை அகலமாகியிருக்கிறது, சைக்கிளுக்கான இடம் சுருங்கியிருக்கிறது. நம்மூரில் மீன்கூடையைக் கேரியரில் கட்டி வந்தவர்கள் டி.வி.எஸ். எக்ஸ்எல்லுக்கு மாறிவிட்டார்கள். மாற வசதியில்லாதவர்களும், மாற வயதில்லாத பிள்ளைகளும்தான் சைக்கிளில் மிச்சம்.

ஜூன் 6, வெள்ளி

சைக்கிள் பாதைக்கு நம் நாட்டில் விதிமுறையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே தனி நூல் போட்டுவிட்டது. 2015-இல் திருத்தியும் வெளியிட்டது. மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் ஓடும் சாலையில், நெரிசல் நேரத்தில் 100 சைக்கிள் வந்தாலே தனிப்பாதை போடத் தகும் என்கிறது அந்த முதல் நூல். குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும், பாலங்களிலும் அந்தப் பாதை விடுபடக் கூடாது என்கிறது. சைக்கிள் பாதை பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போனால், அந்தச் சுவரை வழக்கத்தைவிட 15 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டச் சொல்கிறது.

இந்த 15 சென்டிமீட்டரின் அருமை தெரிய நம்மூர் வாய்க்கால் பாலம் ஒன்றில் நின்றால் போதும். நடப்பவருக்கு முழங்காலுக்குச் சற்று மேல் வரை சுவர் இருக்கிறது. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெடலுக்குக் கொஞ்சம் மேலே. உடம்பின் பாரமெல்லாம் சுவருக்கு மேலே இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு இடி வாங்கினால் ஆள் நேரே வாய்க்காலில். இன்னொன்று: சாலையோர மண் பாலத்துக்கு வந்ததும் முடிந்துபோகிறது. அங்கே ஒதுங்கவும் வழியில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒரு மாணவியிடம் கேட்டேன். “பஸ் வந்தா மண்ணுல எறங்கிடுவோம் மாமா. பாலத்துல எறங்க எடமில்ல. அதான் முன்னாடியே எறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிடுறது” என்றாள். எத்தனை வாய்க்கால் குறுக்கிடுகிறதோ அத்தனை இடத்திலும் இறங்கி ஏறுகிறாள். டெல்டாவில் வாய்க்காலுக்கா பஞ்சம்?

ஜூன் 8, ஞாயிறு

வெயில் ஏறுமுன் ஓடம்போக்கி ஆற்றுக் கரையில் சைக்கிளை விட்டேன். வண்டி இரைச்சல் இல்லை, ஹாரன் இல்லை. கரையோடு போனால் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. நம் ஊர்கள் உட்கார்ந்திருப்பதே ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டித்தானே! நெடுஞ்சாலையைத் தொடாமல் பள்ளிக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர ஒரு வலைப்பின்னல் இங்கே ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது. புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை, ஒரு வயலையும் அழிக்க வேண்டியதில்லை.

கரை இருக்கும் நிலைதான் வருத்தம். தூர்வாரிய சேற்றை அப்படியே கரைமேல் கொட்டியிருக்கிறார்கள். காய்ந்து கட்டிகட்டியாகக் கிடக்கிறது. சில இடங்களில் சீமைக் கருவை முள் இரண்டு பக்கமும் மூடிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழையில் இன்னும் மோசம். நம் களிமண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாது. குச்சியால் குத்தி எடுத்துவிட்டுப் பத்தடி போனால் மறுபடி அடைக்கும்.

மாட்டை அவிழ்த்துவிட வந்த பெரியவர் சொன்னார்: “நாங்கல்லாம் நாகப்பட்டினத்துக்கே கரையோட போனவங்க, தம்பி. ரோட்டப் பெருசா போட்ட அப்பறம் கரைய ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.”

ஜூன் 12, வியாழன்

இன்று மேட்டூர் அணை திறந்தார்கள். கல்லணை தாண்டி, வெண்ணாறு வழியாகக் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். அதற்குள் நினைத்ததை எழுதிவைக்கிறேன்.

நகரங்கள் சைக்கிள் பாதை போடாமல் இல்லை. டெல்லியில் 2008-இல் பேருந்துத் தடத்தோடு சைக்கிள் தடமும் போட்டு, 2016-இல் பெயர்த்தெடுத்தார்கள். அதே 2016-இல் உத்தரப் பிரதேசம் எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டர் சைக்கிள் சாலை திறந்தது. ஐதராபாத்தில் 2023-இல் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்தகடுக் கூரையோடு 23 கிலோமீட்டர் பாதை வந்தது. போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று சென்னை மாநகராட்சி 2014-இல் கொள்கையே வகுத்தது. இவற்றில் பல, உடற்பயிற்சிக்கும் சுற்றுலாவுக்குமான பாதைகளாகவே நின்றுவிட்டன. வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர் நிற்கும் இடத்திலிருந்து பாதை தொடங்கினால்தான் அது பிழைக்கும்.

நெதர்லாந்தில் 1971-இல் மட்டும் 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் செத்தார்கள். மறு ஆண்டு பெற்றோர் இயக்கமாகத் திரண்டு தெருவில் இறங்கினார்கள். இன்று உலகமே போய்ப் பார்த்துவரும் அந்த நாட்டுச் சைக்கிள் பாதைகளுக்குப் பெரிய தூண்டுகோல் பிள்ளைகள்மேல் இருந்த அக்கறைதான்.

நமக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. பள்ளிக்கூடம் இருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கரையைத் தேர்ந்து, 2 மீட்டர் அகலத்துக்குக் கெட்டித் தளம் போடலாம். தூர்வாரும் மண்ணைத் தளத்தில் கொட்டாமல் வெளிச்சரிவில் கொட்டச் சொல்லலாம். பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கென ஒரு நடைபாலம் போடலாம், கைப்பிடியை 15 சென்டிமீட்டர் உயர்த்தி. நெடுஞ்சாலையில் தாரின் விளிம்புவரை மண்ணை நிரவிவிடலாம். கரை நீர்வளத்துறையிடமும், பாலம் நெடுஞ்சாலைத் துறையிடமும், தெரு பேரூராட்சியிடமும் இருக்கின்றன. மூவரையும் ஒரு மேசையில் உட்காரவைக்க மாவட்ட ஆட்சியரால் முடியும். இதையே மனுவாக எழுதிவிட்டேன். பிள்ளைகளின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கித் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்போகிறேன். சைக்கிளைக் கொடுக்க முன்வந்த அரசு, அதை ஓட்ட இடமும் கொடுத்தால்தான் அந்த நல்ல காரியம் முழுமையாகும்.