மகளுக்கு ஒரு பந்தய வண்டில்

கல்லூரியிலே கணிதம் கற்பிக்கும் ஒருவரது வீட்டுத் தலைவாசலிற் புத்தகங்கள் கிடக்கலாம். திருத்தாத விடைத்தாள்கள் குவிந்து கிடக்கலாம். உருக்குக் குழாய்களும் பற்சில்லுகளும் கிறீஸ் தோய்ந்த கந்தைகளும் கிடந்தால் அயலார் எட்டிப் பார்ப்பதிற் பிழையில்லை. கடந்த ஆண்டு ஆவணி விடுமுறை முழுவதும் எமது வீடு அக்கோலத்திலேயே இருந்தது. அதற்குக் காரணம் பத்து வயது நிரம்பிய எம் மகள்.

அவ்வாண்டு சித்திரையில் நாம் குடும்பத்தோடு கொழும்புக்குச் சென்றிருந்த காலை, உறவினர் ஒருவர் அவளைக் கட்டணம் செலுத்திக் கார்ட் வண்டி ஓட்டும் இடமொன்றுக்கு அழைத்துச் சென்றார். பத்து நிமிடமே ஓட்டினாள். யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை வழிநெடுக அதே பேச்சு. “அப்பா, எங்களுக்கும் ஒண்டு செய்வமா?” என்றாள். “பார்ப்பம்” என்றோம் நாம். பெற்றோர் “பார்ப்பம்” என்றால் அதன் பொருள் “இல்லை” என்பதே. அதனைப் பிள்ளைகளும் நன்கறிவர். ஆனால், வீடு வந்ததும் அவள் தன் வழக்கினை மேன்முறையீட்டுக்குக் கொண்டுபோனாள். எம் தந்தையார் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, “ஏன், செய்யலாமே!” என்று தீர்ப்பளித்துவிட்டார்.

தந்தையாரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவர் தோட்டங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்தி எம்மைப் படிப்பித்தவர். 1990 இல் வடபகுதிக்கு எரிபொருள் தடைப்பட்ட பின், மோட்டார்ச் சைக்கிள்களும் கார்களும் இங்கு மண்ணெண்ணெயில் ஓடிய கதையை நேயர்களிற் பலர் அறிந்திருப்பர். குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் உயிர் பெறாது. ஆகவே, சிறு போத்தலொன்றில் மெல்லிய குழாய் பொருத்தி, அதனாற் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள்ளே பீச்சி எழுப்புவார்கள். அப்போத்தலுக்குச் ‘சூப்பி’ என்று பெயர். அந்நாளிற் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய நாம் தந்தையாருக்குச் சூப்பி பிடித்தோம். பின்னர் பட்டம் பெற்றோம். கையிலிருந்த கரியையும் கழுவிவிட்டோம்.

கார்ட் வண்டியின் பிறப்பும் பெருஞ் செல்வர் வீட்டில் நிகழ்ந்ததன்று. 1956 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, பந்தயக் கார் கட்டும் தொழிலாளரான ஆட் இங்கெல்ஸ் என்பவர், குழாய்ச் சட்டமொன்றிற் புல்வெட்டும் கருவியின் இயந்திரத்தைப் பூட்டி ஓட்டிய வண்டியே முதற் கார்ட் என்பர். பிரேசில் நாட்டு வீரர் அயர்ட்டன் சென்னாவும் நான்கு வயதிலே தம் தந்தையார் அவ்வாறு செய்து கொடுத்த வண்டியில்தான் ஓட்டம் பழகினார். இதனை எங்கோ படித்து வந்து எம்முன் வைத்தவள் மகளே. அதே சென்னா 1994 இல் இமோலாப் பந்தயத்தில் உயிர் நீத்தார் என்பதை அவள் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. ஆனால் அது எம் நெஞ்சில் இருந்தது.

சில்லுகளும் ரயர்களும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பார்சலில் வந்தன. இயந்திரம் கொங்கிறீற்றுக்கு அதிர்வு கொடுக்கும் பழைய கருவியொன்றில் இருந்தது. 163 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. நீர்ப்பம்பியின் இயந்திரம் கைவசம் இருந்தும் உதவவில்லை. அதன் தண்டு நுனியிற் புரி வெட்டப்பட்டிருந்ததால் எமக்கு வேண்டிய கிளச்சைப் பூட்ட முடியவில்லை. சட்டத்துக்கு நீர்க்குழாயே போதுமென்று நாம் சொன்னபோது, ஒட்டுவேலை செய்யும் இளைஞர் சிரித்தார். கார்ட் வண்டிக்கு வில்லும் இல்லை, அதிர்வு தாங்கியும் இல்லை. சட்டம் தானே வளைந்து தானே நிமிரவேண்டும்; நீர்க்குழாய் மூட்டு வாயிற் கிழிந்துவிடும் என்றார். எம் பட்டத்துக்குக் கிடைத்த முதலாவது அடி அது.

சங்கிலிக்கு மூடி, பிஸ்கற் தகரத்தை வெட்டிச் செய்தது. மகளின் பின்னல் நீளமானது. சங்கிலியோ அவள் தோளுக்குப் பின்னால் ஓடுவது. தகர மூடி இருந்தும், பின்னலைச் சட்டைக்குள்ளே செருகித் தலைக்கவசம் கட்டினாலன்றி ஏறவிடுவதில்லை என்று எம் துணைவியார் சட்டம் போட்டார். அதற்கு மேல் அவர் அஞ்சவில்லை. வீட்டில் அஞ்சியவர் ஒருவரே.

கூட்டுறவுச் சங்கத்தின் நெல் காயவிடும் சீமெந்துத் தளம் அப்போது வெறுமையாயிருந்தது. அனுமதி பெற்றுப் பழைய ரயர்களை அடுக்கி எல்லை வகுத்தோம். வண்டில் நேராக அழகாய் ஓடிற்று. திரும்பச் சொன்னால் மாட்டேன் என்றது. சுக்கானை முழுதும் ஒடித்தாலும் முன்சில்லுகள் கீச்சிட்டுக்கொண்டு நேரே வழுக்கின. இயந்திரம் மூச்சுத் திணறியது. “அப்பா, பின்னுக்கு ஆரோ தள்ளுற மாதிரி இருக்கு” என்றாள் மகள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. காரின் பின்சில்லுகள் வெவ்வேறு வேகத்திற் சுழலக்கூடியவை. கார்ட்டின் பின்சில்லுகள் இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பூட்டியவை. இரண்டுக்கும் இடையே 1 மீற்றர் எனின், அரைவட்டம் திரும்பும்போது வெளிச்சில்லு உட்சில்லிலும் 3.14 மீற்றர் கூடுதலாக ஓடவேண்டும். வளைவின் ஆரை பெரிதோ சிறிதோ, இத்தொகை மாறுவதில்லை. இக்கணக்கினை நாம் எத்தனையோ வகுப்புகளிற் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். எழுதியவருக்கே அது ஒரு வண்டிலை மறிக்கும் என்று தோன்றவில்லை!

ஆகவே வளைவிற் பின்புறத்து உட்சில்லு நிலத்தை விட்டு ஒரு கணம் எழவேண்டும். அதனை எழுப்புவது எது? முன்சில்லே. அது எந்த முளையாணியைப் பற்றித் திரும்புகிறதோ, அந்த ஆணியின் தலை பின்புறமாகச் சாய்ந்திருந்தால், சுக்கானைத் திருப்பும்போது உட்பக்கத்து முன்சில்லு கீழே அழுந்தும், வெளிப்பக்கத்தது மேலெழும். மூலைவாட்டில் நின்ற பின்சில்லு நாற்காலியின் ஒரு கால் போல நிலத்தை விட்டு நீங்கும். நாம் முளையாணிகளை நூல் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தோம். அவற்றை வெட்டி 12 பாகை சாய்த்து மீண்டும் ஒட்டுவித்தோம். அன்று மாலை மகள் முதல் வளைவிலேயே சிரித்துக்கொண்டு திரும்பினாள். தந்தையார் தளத்தில் முழந்தாளிட்டுக் குனிந்து பார்த்து, “எழும்புது, எழும்புது!” என்று சிறுவர் போற் கூவினார்.

அதன் பின்னர் நுண்ணிய வேலைகள். முன்சில்லுகளின் முன்விளிம்பிடைத் தூரத்தையும் பின்விளிம்பிடைத் தூரத்தையும் அளந்து ஒப்பிட்டோம். நான்கு சில்லின் கீழும் நான்கு தராசு வைத்து, மகளையும் ஏற்றி நிறுத்து, முன்னுக்கு நூற்றுக்கு 43 பங்கு வரும்வரை இருக்கையை நகர்த்தினோம். ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு 12 இறாத்தல் அமுக்கத்திற் காற்று. இரண்டு இறாத்தல் கூடினாலும் குறைந்தாலும் வண்டிலின் குணம் மாறுவதை, எம்மிலும் முன்பாக மகளே உணர்ந்து சொன்னாள். இருக்கையால் அறியும் அறிவு அவளுடையது.

நிற்க. இனிச் சொல்லப்போவது எமக்குப் பெருமை தருவதன்று.

பற்சில்லுகள் 12 உம் 60 உம். ஆகவே இயந்திரம் ஐந்து முறை சுழலப் பின்சில்லு ஒரு முறை சுழலும். இயந்திரத்தின் எல்லை நிமிடத்துக்கு 3600 சுற்று. பின்ரயரின் விட்டம் 11 அங்குலம். இவற்றிலிருந்து, வண்டில் மணிக்கு 38 கிலோமீற்றர் ஓடும் என்று வீட்டுச் சுவரிலிருந்த சிறு கரும்பலகையில் மகளுக்கு விளங்கப்படுத்தினோம். அன்றிரவு எமக்குத் தூக்கம் வரவில்லை. எம்மிடம் படித்த பிள்ளைகள் இருவர் மோட்டார்ச் சைக்கிளிற் சென்று திரும்பாமற் போனவர்கள். அவ்விரு வீட்டு முற்றத்திலும் நின்றவர் நாம். நிலத்திலிருந்து நாலு விரற்கிடை உயரத்தில், பட்டியும் கதவும் இல்லாத இருக்கையிலே, எம் மகள் 38 கிலோமீற்றர் வேகத்தில்!

இயந்திரத்தினுள்ளே வேகங் காப்பான் ஒன்றுண்டு. சுழற்சி மிகுந்தால் அதன் சிறு எடைகள் விரிந்து நெம்பொன்றைத் தள்ள, அது காபரேற்றரின் வாயை ஒடுக்கும். வெளியே உள்ள திருகாணியைத் திருகினால் எல்லை இன்னும் தாழும். விடியுமுன் எழுந்து, டோர்ச் வெளிச்சத்தில் அதனை 2400 சுற்றுக்குத் தாழ்த்தினோம். ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்று முதல் கிளச்சிலிருந்து தீய்ந்த மணம் வரத் தொடங்கிற்று. அது மையநீக்கக் கிளச். சுழற்சி 2000 அளவைத் தாண்டினாலே கட்டைகள் விரிந்து இறுகப் பற்றும். எல்லையைத் தாழ்த்தியதால் ஒவ்வொரு வளைவிலும் சுழற்சி அதற்குக் கீழே இறங்கி, பற்றியும் பற்றாமலும் வழுக்கி வெந்தது. தந்தையார் அதனைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். மறுநாளும் மணத்தது, மறுநாளும் கழற்றினார். காரணம் அறிந்த நாம் அருகே நின்று சாவி எடுத்துக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் மகள் தன் சித்தப்பா மகனைக் கூட்டி வந்தாள். தளத்தின் நீண்ட பக்கத்தில், வேகம் நிலைகொள்ளும் கடைசி 20 மீற்றரைச் சுண்ணக்கட்டியாற் குறித்து, அவனிடம் நிறுத்தற் கடிகாரத்தைக் கொடுத்தாள். ஐந்து முறை ஓடினாள். மாலையிற் கொப்பியோடு எம்மிடம் வந்தாள்.

“அப்பா, 20 மீற்றருக்கு 2.9 செக்கன். மணிக்கு 25 தான் வருது. நீங்கள் 38 எண்டு எழுதினீங்கள். நான் கணக்கில எங்கை பிழை விட்டனான்?”

தன் கணக்கிலே பிழை இருக்குமென்றுதான் அவள் நினைத்தாள். எம் கணக்கை அவள் ஐயுறவில்லை.

“பிழை உன்ரை கணக்கில இல்லைப் பிள்ளை” என்று சொல்லி, இரவு செய்ததைச் சொன்னோம். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. சற்று நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “எனக்குச் சொல்லியிருந்தா நானே மெதுவா ஓடியிருப்பனே. அப்பப்பா சும்மா மூண்டு தரம் கழட்டினவர்” என்றாள்.

தந்தையார் கதிரையிலிருந்து, “திருகாணிப் பெயின்ற் உரிஞ்சு கிடந்ததை முதல் நாளே கண்டனான் தம்பி. நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன்” என்றார். கடந்த பல ஆண்டுகளில் எமக்கு அத்தனை வெட்கம் நேர்ந்ததில்லை.

மறுநாட் காலை மூவரும் இருந்து பேசினோம். ஒரே நாளில் 3600 வேண்டாம் என்றவள் மகளே. முதலில் 3000, ஐந்து நாள் கழித்து மிகுதி. இயந்திரத்தை நிறுத்தும் ஆழி சுக்கானில் ஒன்று, தளத்தோரம் நிற்பவர் கொடி காட்டினால் அவள் அழுத்துவதற்கு. கொடி எம் கையில். வெளிவளைவில் ரயர்கள் இரட்டை வரிசையாயின. திருகாணியை எம்மையே திருகச் சொன்னார்கள். அவள் டோர்ச் பிடித்தாள், பகலிலே.

கிளச் அதன் பின் மணக்கவில்லை. ஐந்து நாள் கழித்து, எல்லை 3600 ஆன மாலையில், தம்பியின் மகன் கடிகாரத்தைப் பார்த்து “2.1!” என்று கத்தினான். கணக்கின்படி 1.9 வரவேண்டும். வளைவுக்கு முன் சற்றே காலை எடுத்துவிட்டதாக அவளே வந்து சொன்னாள். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொப்பியில் இரண்டு எண்களையும் எழுதினோம்.