கோயிலுக்கா, பந்தயத்துக்கா?

என் மாமியாருக்கு முழங்கால் வலி. ஆனாலும் அமாவாசை வந்துவிட்டால் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்காமல் இருக்கமாட்டார். நாங்கள் இருப்பதோ பக்கத்துக் கிராமம். மழைக்காலத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. எங்கள் பழைய பஜேரோதான் அவருக்குப் பல்லக்கு.

திருவள்ளூரில் இருந்த மோட்டார் ஆலையில் 1998-இல் லான்ஸர் கார் தயாரிப்பு தொடங்கியது. பிறகு பஜேரோவும் அங்கேயே பூட்டப்பட்டது. என் தம்பி அங்கே வேலை பார்த்தவன். அதனால் அந்த வண்டி எனக்குப் பிறந்த வீட்டுச் சீர் மாதிரி!

சென்ற ஐப்பசியில் அதற்கு வியாதி வந்தது. தெருமுனையில் திருப்பினால் பின்பக்கம் 'கடகட' என்று உதறியது. கோயிலிலிருந்து திரும்பும்போது சேற்றில் ஒரு பின்சக்கரம் மட்டும் பம்பரமாகச் சுழன்றது, மற்றது அசையவில்லை. முன்சக்கரங்களையும் சேர்க்கும் லிவரைப் போட்ட பிறகே மீண்டோம். அதற்குள் மாமியார் முழங்கால் சேற்றில் இறங்கி நின்றுவிட்டார்.

"வித்துவிடலாம்" என்றார் என் கணவர். பழைய இரும்புக்காரன் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு அழுகையே வந்தது. ரிப்பேர் செய்யலாமென்றால் கையில் இருந்தது, பெண்ணுக்கு வளையல் வாங்க நான் அரிசிப் பானையில் ஒளித்திருந்த பணம்தான்.

அவர் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். அங்கே தெரிந்த மெக்கானிக் பெரியவரிடம் வண்டியைக் கொண்டு போனோம். நானும் கூடப் போனேன், பணம் என்னுடையதாயிற்றே!

கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார் பெரியவர். "சுத்துங்கம்மா" என்றார். என் கைக்கே சுலபமாகச் சுற்றியது. "நல்லா இருந்தா இவ்வளவு லேசா சுத்தாது. உள்ளே தகடு தேஞ்சு போச்சு."

"என்ன தகடு?" என்று கேட்டேன்.

"கும்மி அடிக்கும்போது வட்டத்துக்கு வெளியே இருக்கிற பொண்ணு அதிகம் ஓடணுமில்லையா? திருப்பத்திலே வெளிச் சக்கரமும் அப்படித்தான். அதுக்குத்தான் டிபரன்ஷியல்."

1827-இலேயே பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டாராம். குறை என்னவென்றால், ஒரு சக்கரம் வழுக்கினால் சுழற்சி முழுவதும் அதற்கே போய்விடும். அதைத் தடுக்க உள்ளே தகடுகளை அடுக்கி, ஒன்றோடொன்று உரசும்படி அழுத்தி வைப்பார்கள். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல், வேறு அமைப்பில், 1930-களிலேயே ஜெர்மானியப் பந்தயக் கார்களில் வந்துவிட்டது. பந்தயத்துக்கு வந்தது என் மாமியாருக்கும் உதவுகிறது, பாருங்கள்!

பெட்டியைப் பிரித்துத் தகடுகளைத் தட்டில் பரப்பினார். உரசாத காதுப் பகுதியையும் உரசிய பகுதியையும் மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தார். சில தகடுகள் கண்ணாடி போல் வழவழத்துவிட்டன. முன்பு எங்கேயோ இதற்கென்று உள்ள எண்ணெயை ஊற்றாமல் சாதாரண கியர் எண்ணெயை ஊற்றிவிட்டார்களாம். உதறலுக்கு அதுவும் காரணம்.

"இறுக்கமாகவே போட்டுவிடுங்கள், இன்னும் பத்து வருஷம் வரட்டும்" என்றார் என் கணவர்.

பெரியவர் சிரித்தார். "வண்டி கோயிலுக்கா, பந்தயத்துக்கா? அதிகம் இறுக்கினா ஒவ்வொரு திருப்பத்திலேயும் சண்டை போடும். டயரும் தேயும்."

தேய்ந்தவற்றை மட்டும் மாற்றி, புதுத் தகடுகளை எண்ணெயில் ஊறவைத்து, அளவோடு அழுத்தம் கொடுத்துப் பூட்டினார். பிறகு காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போடச் சொன்னார். லைசென்ஸுக்குப் போட்டதற்குப் பிறகு என் கணவர் எட்டுப் போட்டது அன்றுதான்! தகடுகள் படிந்த பின் எண்ணெயையும் மாற்றினார்.

மறு அமாவாசை. நல்ல மழை. போன மாதம் மாட்டிக்கொண்ட அதே இடம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரு தடவை வழுக்கி, உடனே பிடித்து ஏறிவிட்டது.

மாமியார் வெல்லப் பொட்டலத்தை மடியில் அணைத்தபடி, "ஏண்டி, வளையல் காசு எவ்வளவு மிச்சம்?" என்றார்.

அரிசிப் பானை ரகசியம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ!