பழுதா, பழசா?

ஒரு பொருள் உடைந்துபோனால் அதைப் பழுது என்கிறோம். உடையாமலே நாளாகிவிட்டால் பழசு என்கிறோம். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை எனக்குக் கற்பித்தது உள்ளங்கை அளவே உள்ள ஒரு கணினி. அதைப் பற்றித் தோழியருக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிராசசர், நினைவகம், ஒயர் செருகும் துளைகள் யாவும் ஒரே பலகையில் அமைந்திருப்பதால் இதனை ஒற்றைப் பலகைக் கணினி என்பர். பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்ற எண்ணத்துடன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவான ராஸ்பெர்ரி பை, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 256 மெகாபைட். இன்று நம் வீட்டுச் செல்போனில் இதைப்போல் பத்து மடங்குக்கும் மேலான நினைவகம் இருக்கிறது!

சென்னையில் பணிபுரியும் என் மாமா, புதிய பலகை வாங்கியதும் இதைப் பழைய சாமான்களுடன் போட்டுவிட்டார். "இனி இது எதற்கும் ஆகாதும்மா" என்றார். அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பா அலைந்துகொண்டிருந்த நேரம் அது. புதிய கணினி வேண்டுமென்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே மாமாவிடமிருந்து இந்தப் பலகையை வாங்கிக்கொண்டேன்.

கணினி ஆசிரியையின் அனுமதி பெற்று, பள்ளி ஆய்வகத்தில் இயங்குதளத்தை ஒரு மெமரி கார்டில் பதிந்தேன். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. செல்போன் சார்ஜர் மின்சாரம் கொடுத்தது. பலகையில் மஞ்சள் நிறத் துளை ஒன்று உண்டு. அமைப்புக் கோப்பில் சிறு மாற்றம் செய்து, அத்துளையிலிருந்து எங்கள் பழைய பெட்டி டி.வி.க்கு ஒயர் இழுத்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தார்.

பலகை பிழைத்தது என் திறமையால் அன்று. அந்த இயங்குதளத்தின் அடிப்படையான லினக்ஸ், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியதாகும். அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

இதனால் விளைந்த நன்மைக்கு இப்பலகையே சான்று. 2012இல், டெபியன் என்னும் லினக்ஸ் வகை இத்தகைய பிராசசர்களுக்கு இருவிதமாகக் கிடைத்தது. ஒன்று பழைய பிராசசர்களுக்கானது. இப்பலகையில் ஓடும், ஆனால் தசமக் கணக்குகளை மிக மெதுவாகச் செய்யும். மற்றொன்று வேகமானது, ஆனால் இதைவிடப் புதிய பிராசசரைக் கேட்கும். மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்னும் இருவர் இக்குறையைத் தீர்க்க முன்வந்தனர். மூல நிரல் திறந்திருந்ததால் 35,000க்கும் மேற்பட்ட நிரல் தொகுப்புகளை இச்சிறு பிராசசருக்கு ஏற்றபடி மீண்டும் உருவாக்கினர். முதற்கட்டப் பணி 2012 ஜூனில் நிறைவுற்றது. அதுவே ராஸ்பியன். அதன் வழிவந்த ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். இயங்குதளத்தின் 2023 அக்டோபர் பதிப்பிலும், 32 பிட் வடிவம் 2012ஆம் ஆண்டுப் பலகையில் ஓடுகிறது!

மூல நிரலைப் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகும்? செய்தவர் கைவிட்ட அன்றே கருவியும் குப்பைக்குப் போகும். அது உடைந்திருக்காது, அதைத் திருத்த நினைப்பவருக்கு வழிதான் இருக்காது.

இப்பலகைக்கும் குறைகள் உண்டு. படங்கள் நிறைந்த இணையப் பக்கங்களைத் திறந்தால் திணறுகிறது. உள்ளே கடிகாரம் இல்லாததால், மின்சாரம் போய் வந்தால் மணி என்னவென்று அதற்குத் தெரியாது. முறையாக நிறுத்தாமல் ஒயரைப் பிடுங்கினால் மெமரி கார்டு கெட்டுவிடக்கூடும். எழுத்து மட்டும் காட்டும் அத்திரையில் தமிழும் தெரிவதில்லை. ஆயினும் எண்கள் தெரிகின்றனவே! நான்காம் வகுப்பில் படிக்கும் தம்பிக்காகப் பைதான் மொழியில் வாய்ப்பாடு கேட்கும் நிரல் ஒன்றை எழுதினேன். ஏழாம் வாய்ப்பாட்டைக் கண்டாலே ஓடி ஒளிபவன், இப்போது மாலையில் டி.வி.க்கு முன் தானாகவே வந்து அமர்கிறான். நானும் நிரல் எழுதக் கற்று வருகிறேன்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள் பெரியோர். அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் ஏதேனும் ஒரு கருவி மூலையில் கிடக்கலாம். அதை எறியுமுன், "இது பழுதா, வெறும் பழசா?" என்று ஒருமுறை கேளுங்கள். பழசு மட்டுமே என்றால், அதற்காக உழைத்த ஒருவர் உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கக்கூடும். அந்த உழைப்பை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்வோம். நாளை நாமும் அவ்வாறே பிறருக்கு உழைப்போம்.

— பதினோராம் வகுப்பு மாணவி